அஞ்சு கால் குதிரை

"முதல்ல அந்தக் கழுதையைக் கழட்டு" என்றான் அண்ணன்.

"அது கழுதை இல்லைண்ணா. குதிரை."

"குதிரையா? அஞ்சு கால் இருக்கு!"

"அஞ்சாவது வால்."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். பூட்டிக் கிடந்த அவனுடைய கடையைத்தான் ஆறு மாதமாக ஓவியக்கூடமாக வைத்திருக்கிறேன். 'யார் வேணும்னாலும் வரலாம், எதை வேணும்னாலும் வரையலாம், எல்லாம் இலவசம்' என்று வெளியே போர்டு. பெயின்ட், பிரஷ், காகிதம், டீ எல்லாம் என் ஏற்பாடு.

"இந்த மாசக் கடைசியில வந்து பார்ப்பேன். ஆள் வந்தா கடை உனக்கு. இல்லைன்னா செல்போன் ரிப்பேர்காரர் கேட்டுக்கிட்டே இருக்கார், கொடுத்துடுவேன். வாசல்லயே இப்படி ஒரு படத்தை மாட்டினா எவன் உள்ள வருவான்?"

இந்தக் கூடம் போய்விட்டால் நான் என்னத்தைச் செய்வேன்?

அவன் சொன்னதிலும் தப்பில்லை. குதிரையை வரைந்தது தெருமுனையில் டெய்லர் கடை வைத்திருக்கும் அக்கா. தையலக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வாராவாரம் வருவார். நாக்கைக் கடித்துக்கொண்டு, போட்ட கோட்டை அழித்து அழித்து, இரண்டு மணி நேரம் மெனக்கெடுவார். மாடு வரைந்தால் கட்டில் மாதிரி இருக்கும். மரம் வரைந்தால் துடைப்பம். ஆனால் முடித்ததும் ஒரே பிடிவாதம்.

"வாசல்லயே மாட்டும்மா."

பாவம், ஆசைப்படுகிறாரே என்று நானும் மாட்டிவிடுவேன். பார்க்கிறவர்களெல்லாம் சிரிப்பார்கள். பஸ் டிரைவர் ஒருத்தர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "இதுக்கு நானே தேவலை போலிருக்கே" என்று உள்ளே வந்தவர், இப்போது வாரம் தவறுவதில்லை. அக்காவுக்கோ ரோஷமே வராது. கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அன்றைக்கே குதிரையைக் கழற்றினேன். அந்த ஆணியில், நான் மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்த ஆற்றங்கரைப் படத்தை மாட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கே அதைவிட்டுக் கண்ணை எடுக்க மனசு வரவில்லை.

சனிக்கிழமை அக்கா வந்தார். ஆணியைப் பார்த்தார்.

"குதிரை எங்கம்மா?"

"உள்ள பத்திரமா இருக்குக்கா. அண்ணன் வரப்போறான், அதான்..."

"அதுக்கென்ன" என்றார். முகம் மட்டும் வாடிவிட்டது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

என் படத்துக்கு ஏகப்பட்ட பாராட்டு. நர்ஸ் ஒருத்தி வாசலிலேயே நின்று, "அப்படியே போட்டோ மாதிரி இருக்கு மேடம்" என்றாள்.

"உள்ள வாங்க, நீங்களும் வரையலாம்."

"ஐயோ, எனக்கெல்லாம் இது எங்க வரும்!" நழுவிவிட்டாள்.

போஸ்ட்மேனும் அப்படித்தான். சைக்கிளை நிறுத்தி ரசித்தார், தபாலை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுப் போய்விட்டார். மூன்று வாரமாகப் புதிதாக ஒரு ஆள் உள்ளே கால் வைக்கவில்லை. இந்த ஊருக்கு ரசனையே கிடையாது என்று திட்டித் தீர்த்தேன்.

அண்ணன் வருகிற நாளும் வந்தது. எப்படியும் கடை கைவிட்டுப் போகப்போகிறது, கடைசி நாளாவது அக்கா சந்தோஷமாக இருக்கட்டும் என்று என் படத்தை இறக்கிவிட்டுக் குதிரையை மாட்டினேன்.

அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மறுபடியும் இந்தக் கழுதையா? கண்ணைக் கட்டிவிட்டாக்கூட நான் இதைவிட நல்லா வரைவேன்!"

"வரைங்களேன், பார்ப்போம்" என்று தையலக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"என்னை என்னன்னு நினைச்சீங்க?" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தவன்தான். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. டீ ஆறிப்போனது. சட்டையெல்லாம் பச்சை பெயின்ட். நடுவில் செல்போன் ரிப்பேர்காரர் போன் செய்தார்.

"கடையா? அதெல்லாம் காலி இல்லைங்க. இப்ப வேலையா இருக்கேன், வைங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

முடித்ததும் பெருமையாகத் தூக்கிக் காட்டினான். குதிரையாம். கால் நாலு இருந்தது, அவ்வளவுதான். சத்தியமாக அது பெஞ்சு.

"அந்தக் கழுதையை எடுத்துட்டு இதை வாசல்ல மாட்டு. வாராவாரம் ஒண்ணு வரைஞ்சு தர்றேன்."

மாட்டினேன். அந்தப் பக்கம் வந்த அதே நர்ஸ் எட்டிப் பார்த்தாள். களுக்கென்று சிரித்தாள்.

"மேடம், எனக்கும் ஒரு பேப்பர் கொடுங்களேன்" என்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பாடா" என்றார் தையலக்கா. பையிலிருந்து துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த கரும்பலகைக்குப் போனார். அழிக்கவில்லை, நிறுத்தவில்லை. ஒரே இழுப்பு. பிடரி பறக்க ஒரு குதிரை ஓடியது.

என் ஆற்றங்கரையெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

"அக்கா! அப்போ இத்தனை நாளா அழிச்சு அழிச்சு..."

"என்னம்மா பண்றது, அசந்தா கோடு நல்லா வந்துடுதே!" சிரித்துவிட்டு என் காதோரம் குனிந்தார். "வாசல்ல ஒரு மோசமான படம் இருந்தாத்தான் ஜனங்க கூச்சப்படாம உள்ள வருவாங்க. இனிமே அந்த வேலையை உங்க அண்ணன் பார்த்துப்பார்."