முழுக்கைச் சட்டை

புதுச்சேரியின் கத்திரி வெயிலிலும் பெர்னார் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்.

"உள்ள போய் எதையும் உளறிடாதீங்க" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே எச்சரித்தாள் மனைவி ஜெனவியேவ். "உடம்புக்கு ஒத்துக்கலன்னு சொன்ன, உங்ககூட மாத்திரை சாப்பிட்ட உழவர்கரைக்காரருக்கு மாத்திரையையே நிறுத்திட்டாங்க."

முற்றிய புற்றுநோய்க்கான சோதனை மாத்திரை அது. அதை விட்டால் அவருக்கு வேறு மருந்து இல்லை.

"அரிப்பு, தடிப்பு ஏதாவது இருக்கா?" என்றார் டாக்டர்.

பெர்னார் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒண்ணுமே இல்ல டாக்டர்."

டாக்டரின் முகம் வாடியது. "மாத்திரை வேலை செய்யுறவங்களுக்கெல்லாம் தோல் செவந்து தடிச்சுடுது. உங்களுக்கு வேலை செய்யல போல. நிறுத்திடலாம்."

ஜெனவியேவ் பாய்ந்து கணவரின் சட்டைக் கையைச் சுருட்டினாள். முழங்கை வரை செக்கச்செவேலென்று தடித்திருந்தது.

"முதுகுல இன்னும் நெறைய இருக்கு டாக்டர்!"