தொண்ணூறில் எழும் ஊளை

“இது கையால செஞ்ச வேலையா, காலால செஞ்ச வேலையா?”

லிப்டில் ஏறி நின்ற பழைய பென்ஸின் பின் அச்சுக்குள் டார்ச் அடித்தபடி லோகன் கேட்டான். பக்கத்தில் நின்ற அசாருதீன் துணியில் கையைத் துடைத்தான்.

கிள்ளானில், காப்பார் சாலையோரம் இருந்த அந்தப் பட்டறைக்கு லோகன்தான் முதலாளி. அசாருதீன் நாமக்கல்லிலிருந்து வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமையோடு அவன் வேலை பெர்மிட் முடிகிறது. புதுப்பிக்கும் விண்ணப்பப் பாரம் லோகனின் கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது.

“பாவம் லா, தம்பியத் திட்டாத” என்றார் காரின் சொந்தக்காரர் ராதாகிருஷ்ணன், நன்றாகத் திட்டு என்கிற குரலில்.

“பின்ன என்னா அங்கிள்? போன மாசம் நான் பினாங்குல இருந்தது ரெண்டே நாளு. அதுக்குள்ள ஒங்க வண்டிக்குப் புது கிரவுன், புது பினியன் மாட்டிருக்கான். மாட்டினவனுக்கு செட் பண்ணத் தெரியல.”

“எனக்கு முட்டி வலி, படுத்துட்டேன். மிஸ்ஸஸ்தான் இங்க கொண்டாந்து விட்டா. அன்னிலேர்ந்து தலவலி. எம்பத்தொம்பது வரைக்கும் பூனை மாதிரி போவுது. தொண்ணூறத் தொட்டாப் போதும், நாய் மாதிரி ஊளையிடுது. ஒரு மாசமா ஸ்பீடா போனதுக்கு ஒரு போலீஸ் சம்மன் கூட வரல. கூட்டாளிங்க கேலி பண்றானுங்க.”

“கேட்டியாடா? அங்கிளுக்கு ஒரு சம்மன் வாங்கக் கூட யோக்கியதை இல்லாத வேலை!”

லோகன், கிரவுன் எனும் பெரிய பல்சக்கரத்தின் பற்களில் மஞ்சள் பசையைத் தடவி, கையால் சுற்றினான். அதைச் சுழற்றும் சின்னச் சக்கரமான பினியன் கடித்த தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். இங்கே நுனியில் விழுந்தது. பினியனை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கும் ஷிம், அதாவது காகிதம் போன்ற வளையத் தகடு, ஒரு முடியளவு மெலிதாக இருந்தது.

வேறு குறை எதுவும் அகப்படாதது லோகனுக்கு எரிச்சலாக இருந்தது. போல்ட்டுகள் ஒவ்வொன்றும் சரியான இறுக்கம். இறுக்கியதற்கு அடையாளமாக வெள்ளைக் கோடு வேறு. முட்டாள்கள் கோடு மட்டும் ஒழுங்காகப் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

“ஷிம்ம அளந்தியா, குருட்டாம்போக்குல வெச்சியா?”

“அளந்துதான் வெச்சேன் பாஸ்.”

“அளந்த லட்சணம்! டிப்ளமா படிச்சு வாங்கினியா, பாசார்ல கூறு போட்டு வித்தாங்களா?”

ராதாகிருஷ்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அசாருதீன் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அதற்குப் பிறகு லோகன் அவனை ஒரு ஸ்பேனரைக் கூடத் தொட விடவில்லை. தானே பினியனைக் கழற்றினான், தானே ஷிம்மை மாற்றினான், பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியை டயல் கேஜ் வைத்துத் தானே பார்த்தான். மூன்று மணிக்கு மஞ்சள் தடம் பல்லின் நடுவில், வரைந்து வைத்த மாதிரி விழுந்தது.

“வந்து பாரு. வேலைன்னா இதுதான்.”

ஃபெடரல் ஹைவேயில் ராதாகிருஷ்ணனே ஓட்டினார். தொண்ணூறு, சத்தமில்லை. நூற்றுப் பத்து, சத்தமில்லை. நூற்று நாற்பதில் இரண்டு லோரிகளுக்கு நடுவே அவர் காரை நுழைத்தபோது லோகன் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“எப்படி?” என்று கத்தினார் அவர். “இப்பத்தான் லா எனக்கு உசிரு வந்துச்சு!”

லோகன் கைப்பிடியை விடவில்லை. ஆனாலும் காதுக்கு ஒரு முனகல் கூட எட்டாததில் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

பட்டறைக்குத் திரும்பியதும் லோகன், ராதாகிருஷ்ணன் எதிரிலேயே, மேசையிலிருந்த பாரத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தான்.

“ஒனக்கெல்லாம் பெர்மிட் ஒரு கேடு! துணி மணியக் கட்டு. ஊருக்குப் போய் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டு.”

ராதாகிருஷ்ணன் சாவியைச் சுழற்றிக்கொண்டு காரில் ஏறி, தூசியைக் கிளப்பிக்கொண்டு போகும்வரை அசாருதீன் அசையாமல் நின்றான்.

“பாஸ், ஒரு விஷயம்...”

“வாய மூடு. போய் டூல்ஸக் கழுவி வெச்சுட்டுக் கெளம்பு.”

அவன் குழாயடிக்குப் போய் ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டிருந்தபோது, மேசையில் கிடந்த அவனுடைய கைப்பேசி அடித்தது. திரையில் இராஜம்மா ஆன்டி என்று வந்தது. ராதாகிருஷ்ணனின் மனைவி.

“கம்ப்ளெய்ன்ட் பண்ணத்தான் கூப்புடுறாங்க. நானும் கேக்குறேன்” என்று லோகன் அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

“அசாரு! அவரு இப்பத்தான் கார்லேர்ந்து போன் பண்ணாரு. நூத்தி அம்பதுல போறாராம், சத்தமே இல்லியாம்!” இராஜம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

“நான்தான் ஆன்டி, லோகன் பேசுறேன். இந்த மடையன் வெச்ச சத்தத்த அடியோட எடுத்துட்டேன்.”

“ஐயோ!” என்றார் இராஜம்மா.

“அந்தச் சத்தத்த வெச்சுக் குடுன்னு அவன்கிட்ட கெஞ்சினதே நான்தானேப்பா!”