மற்றும் பலர்

தாமரைக் குளத்துக் கல்யாணத்தில் கச்சேரி பிடிக்க, இரண்டு தவளைகள் அகலமான இலையொன்றில் தங்கள் குழுவுக்கு விளம்பரம் எழுதின. ஆறு மழைக்காலமாக அவற்றுக்குத் தாளம் போட்டுவந்த சில்வண்டு கூச்சத்தோடு எட்டிப் பார்த்தது. மேலே தவளைகளின் படங்களும் பெயர்களும் இருந்தன. கீழே "மற்றும் பலர்" என்று இருந்தது.

சில்வண்டு இரண்டு முறை எண்ணிப் பார்த்தது. அதன் மீசை துடித்தது.

"அண்ணே, குழுவில மொத்தம் மூணு பேரு. உங்க ரெண்டு பேரைக் கழிச்சா நான் ஒருத்தன். யாரு அந்தப் பலர்?"

"அப்படிப் போட்டாத்தான்டா பெரிய குழுன்னு நம்புவாங்க," என்றது மூத்த தவளை.

"அப்போ தாளத்தையும் அந்தப் பலரே போடட்டும்!" என்று சில்வண்டு கிளம்பியது.

"கோவிச்சுக்காதே, நில்லுடா! இப்பவே எழுதிடறேன்." தவளை அவசரமாகக் குச்சியை எடுத்தது. பிறகு தலையைச் சொறிந்தது.

"ஆமா, உன் பேரு என்ன?"