மாப்பிள்ளை கழற்றாத கண்ணாடி

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றினார். முகத்தில் மாட்டியிருந்ததை மட்டும் கழற்றவில்லை.

"இன்னாடி இது, வெல்டிங் அடிக்க வந்தவரு மாதிரி?" அடுப்படியில் அண்ணி லதா ஹம்சினியை முழங்கையால் இடித்தாள்.

"படூர்ல அவரு ஆபீஸ்ல செய்யறதாம் அண்ணி. உள்ள படம் ஓடுமாம், மாட்டியிருக்கிறவங்க கண்ணு வெளிக் கண்ணாடியில தெரியுமாம்."

"கழட்டி வச்சாலே கண்ணு தெரியுமே! அதுக்கு ஒரு மெஷினா?"

ஹம்சினிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சரி என்றோ வேண்டாம் என்றோ இன்றைக்கே சொல்லியாக வேண்டும். முடிவை அப்பா அவளிடமே விட்டுவிட்டார்.

காபித் தட்டோடு கூடத்துக்குப் போய் நிமிர்ந்தாள்.

கண்ணாடியில் இரண்டு கண்கள். தெளிந்த தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ பார்ப்பதுபோல மெல்ல அசைந்தன. ஜன்னல் வழியே சவுக்குத் தோப்புக் காற்று வந்தது. ஒரு நொடி அவளுக்கு எந்த வீட்டில் நிற்கிறோம் என்பதே மறந்துபோயிற்று.

"மாப்பிள்ளையோட அம்மா வரலீங்களா?" அப்பா கேட்டார்.

"ஞானம்மாளுக்கு முட்டிவலி. செய்யூர் ரோடு தூக்கிப் போடும்னு நான்தான் வேணான்னுட்டேன்," என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா சதாசிவம். "என் தம்பி போனதுலேர்ந்து இவங்களுக்கு எல்லாம் நான்தான். டேய் ஜெயந்த், அதைக் கழட்டேண்டா! பொண்ணை நேராப் பாரு."

"நேராத்தான் பாக்கறேன் பெரியப்பா."

சொல்லும்போதே கண்ணாடியில் அந்தக் கண்கள் கலங்கின.

ஹம்சினிக்குச் சுருக்கென்றது. உள்ளே ஏதோ படம் ஓடுகிறதா? என்னைப் பார்க்க வந்துவிட்டு எதைப் பார்த்து அழுகிறார்?

வேண்டாம் என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. அது என்ன படம் என்று பார்த்துவிட்டே சொல்லிவிடலாம்.

"அதை ஒரு நிமிஷம் நான் போட்டுப் பாக்கலாங்களா?"

கூடம் திகைத்தது. ஜெயந்த் பெரியப்பாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு கழற்றிக் கொடுத்தார்.

மாட்டிக்கொண்டாள். அதே கூடம், அதே ஆட்கள். ஆனால் நடுவே, ஜெயந்துக்கு முன்னால், அந்தரத்தில் ஓர் அடுப்படி மிதந்தது. அதில் பொட்டில்லாத நெற்றியோடு ஓர் அம்மாள், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

காதோரம் குரல் கேட்டது.

"அய்யோ, என் போன்ல இப்ப என் புள்ள முகம் தெரியுதே! அப்ப நீயா போட்டிருக்கே கண்ணு? உன்னைப் பாத்ததும் நான் அழுதுட்டேன், அவனும் கலங்கிட்டான். முட்டிவலியெல்லாம் இல்லம்மா. தாலி இல்லாதவ நல்ல காரியத்துல முன்னால நிக்கக் கூடாதுன்னுட்டாரு இவன் பெரியப்பா. அம்மா, நீ பாக்காத பொண்ணை நான் பாக்க மாட்டேன்னு இவன் இதை மாட்டிக்கினு வந்துட்டான். மூச்சு விட்டுடாதே, பெரியவரு கோவிச்சுப்பாரு."

ஹம்சினி, மிதந்துகொண்டிருந்த அந்த அடுப்படிக்கு முன்னால் தரையில் விழுந்து கும்பிட்டாள்.

சதாசிவம் தொடையைத் தட்டினார். "பாத்தீங்களா! பொண்ணுன்னா இது பொண்ணு. இப்பவே புருஷன் கால்ல விழறா!"

ஹம்சினி எழுந்தாள். வெளிக் கண்ணாடியில் தெரிந்த அவள் கண்கள் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"எனக்குச் சம்மதம் அத்தை. ஆனா நிச்சயத் தட்டை நீங்க உங்க கையால எடுத்தாந்தாத்தான்."