பின்விளக்குக் குற்றவாளி

“வெர்லின், இங்க பாரு. டுவெய்ன் ரிக்கர்ட் பேரு வந்திருக்கு.”

மேக்சின் ஐபேடைக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். கவுண்டி ஷெரீஃப் ஆபீஸின் வாரண்ட் பட்டியல். ஊரில் மற்றவர்கள் காலைக் காபியோடு வானிலை பார்ப்பார்கள். மேக்சின் இதைத்தான் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமையானாலும் பைபிள்கூட அப்புறம்தான்.

“எந்த டுவெய்னோ என்னவோ. போன தடவை இப்படித்தான் சர்ச்ல பாடற ஹேரால்டைத் திருடன்னு சொன்னே. கடைசியில அது வேற ஊர் ஹேரால்டு.”

“பேரு ஒண்ணா இருந்தா நான் என்ன பண்றது? இது நம்ம பக்கத்து வீட்டு டுவெய்ன்தான். வயசு, தெரு எல்லாம் சரியா இருக்கு.”

ஹேரால்டிடம் அவள் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. பார்வைக்குத் திருடன் மாதிரி இருந்தது அவர் தப்பு என்று விட்டுவிட்டாள்.

“என்ன பண்ணானாம்?”

“பெஞ்ச் வாரண்ட். கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க, துரை வரலை.”

“எதுக்கு வரச் சொன்னாங்க?”

“வண்டியில பின்விளக்கு எரியலையாம்.”

“அது மான் முட்டி உடைஞ்சதாச்சே.” வெர்லின் சிரித்தார். சிரித்ததும் இதய ஆபரேஷன் தையல் சுருக்கென்றது. இருமினால், சிரித்தால் தையலுக்கு அணைகொடுக்க ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய சிவப்புத் தலையணையை எடுத்து மார்போடு அழுத்திக்கொண்டார். “கோர்ட்டு என்னிக்கு?”

“என்னிக்கா இருந்தா என்ன? விளக்கு சின்னது, சட்டம் பெருசு. கைது வாரண்ட்னா போலீஸ் கேட்டு நீதிபதி தர்றது. பெஞ்ச் வாரண்ட் அவரே கோபப்பட்டுத் தர்றது. அதுக்குக் காலாவதியே கிடையாது, தெரியுமா?”

சட்டக் கல்லூரி வாசலை மிதிக்காமலே மேக்சின் அரை வக்கீல் ஆகியிருந்தாள். முழு வக்கீல் ஆகிவிட்டால் ஊரில் யார் வெளியே நடமாடுவார்கள் என்பது வெர்லினின் கவலை.

“கோர்ட்டை விட அப்படி என்ன தலை போற வேலை அவனுக்கு? குடிச்சுட்டுக் கிடந்திருப்பான். இவன்தான் ஸ்கூல் பஸ் ஓட்டறான், கொடுமை.”

“அவன்கிட்டயே சொல்லேன். நாளைக்குக் கோர்ட்ல போய் அவனா நின்னா முடிஞ்சு போயிடும்.”

“சொன்னா ஓடிடுவான்.”

ஊரை விட்டு ஓட டுவெய்னிடம் இருந்தது அந்த மான் முட்டிய வண்டிதான். மேக்சின் அதற்குள் ஷெரீஃப் ஆபீஸுக்குப் போன் போட்டுவிட்டாள்.

அன்று தீயணைப்பு நிலையத்தில் நிதி திரட்ட ஊருக்கே பான்கேக் விருந்து. டுவெய்ன் ஏப்ரன் கட்டிக்கொண்டு பான்கேக் திருப்பிக்கொண்டிருந்தான். வெர்லினின் தட்டில் மட்டும் வெண்ணெய் படாமல் ஒன்றை வைத்தான். டாக்டர் சொன்னது அவனுக்கும் தெரியும்.

அப்போது ஷெரீஃப் ஆபீஸ் டெபுடி கோல்பி உள்ளே வந்தான். டுவெய்னோடு ஒன்றாகப் படித்தவன். நேராக மேக்சினிடம்தான் வந்தான்.

“அம்மா, இதை நாளைக்கு வெச்சுக்கலாமே. ஞாயித்துக்கிழமை பிடிச்சா, காலையில நீதிபதி வர்ற வரைக்கும் அவன் உள்ளதான் இருக்கணும். பஸ் ஓட்ட முடியாது. ஜெயில்ல இருந்தவனை ஸ்கூல்ல வெச்சுக்க மாட்டாங்க, வேலையே போயிடும்.”

“நான் மூணு தடவை போன் பண்ணியிருக்கேன் தம்பி. எல்லாம் பதிவாகியிருக்கும், இல்ல?”

பதிவாகித்தான் இருந்தது. தெரியாத வரைக்கும் ஷெரீஃப் ஆபீஸ் சும்மா இருக்கலாம், ஒருத்தர் கூப்பிட்டுச் சொன்ன பிறகு முடியாது. அந்தச் சமூக சேவையைத்தான் மேக்சின் சம்பளம் வாங்காமல் செய்துவந்தாள்.

கோல்பி அடுப்புப் பக்கம் போனான். “மன்னிச்சுக்கடா. கையைப் பின்னால வை.”

டுவெய்ன் அடுப்பை அணைத்தான். ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்தான். ஊரே சிரப் வழியும் தட்டோடு பார்த்துக்கொண்டிருந்தது.

“ஏன்டா அன்னிக்குப் போகலை? ஏதாவது காரணம் சொல்லு, எழுதிக்கறேன். நீதிபதி பார்ப்பார்.”

டுவெய்ன் வாயைத் திறந்தான். எதிரே மேக்சின் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வெர்லின், மடியில் அந்தச் சிவப்புத் தலையணை.

“மறந்துட்டேன்” என்றான்.

“கேட்டுக்கங்க. மறந்துட்டானாம்” என்று மேக்சின் சபைக்கு அறிவித்தாள். “நாளைக்குப் பிள்ளைங்களையும் எங்கயாவது மறந்து விட்டுட்டு வருவான்.”

வெர்லினுக்கு மனசு கேட்கவில்லை. “தம்பி, அது என்னிக்கு?”

கோல்பி கையிலிருந்த தாளைப் பார்த்தான். “நவம்பர்ல, தாங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. காலையில பத்து மணி.”

வெர்லின் தட்டைக் கீழே வைத்தார். மனைவி பக்கம் திரும்பினார்.

“மேக்சின், அன்னிக்குத்தான் எனக்கு நெஞ்சைப் பிளந்தாங்க. பனியில வண்டி ஓட்டப் பயம்னு நீ இவனை எழுப்பித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்னை உள்ள தள்ளிட்டுப் போறப்ப, பத்து மணிக்கு ஒரு இடத்துல இருக்கணும்னு இவன் கிளம்பினான். ‘அப்படி என்ன தலை போற வேலை உனக்கு, டாக்டர் வெளிய வர்ற வரைக்கும் என்கூட உக்காரு’ன்னு இவன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு அழுதது நீதான்.”