ஆஸ்பத்திரி நாள்

நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. எங்கள் மகள் மதிக்கு முன்பற்களுக்கு நடுவே ஓர் இடைவெளி இருந்ததாம். என் மனைவி பூரணி சொல்லித்தான் தெரியும்.

மதி ஆஸ்பத்திரியில் இறந்த பிறகு கொல்லிமலையில் இருக்கும் மூலிகை முகாமுக்குப் போனோம். வழிகாட்டி செல்வின் ஆளுக்கொரு கோப்பை கொடிக் கஷாயம் கொடுத்தார்.

"கண்ணுக்குள்ள நிறமா எழும்பும். அப்ப எதை நினைக்கிறீங்களோ அது கரைஞ்சிடும். ஆஸ்பத்திரி நாளை மட்டும் நினைங்க சார். மனசை வேற எங்கயும் விட்டுடாதீங்க."

"இவரா? பால் வாங்க அனுப்பினா பேப்பர் வாங்கிட்டு வர்ற ஆளு," என்றாள் பூரணி. மதி போன பிறகு அவள் செய்த முதல் கிண்டல் அது.

அவள் செல்வின் சொன்னபடியே செய்தாள். எனக்கு நிறங்கள் எழுந்தபோது மதி சிரித்துக்கொண்டு வந்தாள். விரட்ட மனம் வரவில்லை. அவள் சிரித்த நாட்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மலையிறங்கும்போது அவற்றில் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

இப்போதும் சாயங்காலமானால் பூரணி கேட்கிறாள்: "என்னங்க, மதி இன்னும் வரலையே. போய்க் கூட்டிட்டு வாங்களேன்." நடந்ததைப் பலமுறை சொல்லிப் பார்த்தேன். அழுவாள். மறுநாள் அதுவும் கரைந்துபோயிருக்கும்.

செல்வின் இன்னும் மலையில் கஷாயம் காய்ச்சுகிறார். பூரணி மகளுக்காகக் காத்திருக்கிறாள். மகள் என்றால் எனக்கு நினைவிருப்பது என் கைக்குள் குளிர்ந்துபோன ஒரு கை மட்டும்தான். பூரணியிடம் அதைச் சொல்வதை விட்டுவிட்டேன். தினமும் வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரை போய்த் திரும்பி வருகிறேன்.