வாசம் வருதுங்க!

"கேஸ் வாசம் வருதுங்க தம்பி" என்று சென்னியம்மாள் மூன்று முறை போன் செய்ததில், மெக்கானிக் பயாஸ் எல்லா வேலையையும் விட்டுவிட்டு ஜேடர்பாளையத்துக்கு ஓடிவந்தான்.

"எனக்கு ஒண்ணும் வரலியே!" என்று முன்னறையிலிருந்து சிரித்தார் அவள் கணவர் சின்னுசாமி.

பயாஸ் ரெகுலேட்டரிலும் டியூபிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை.

"லீக்கே இல்லீங்கம்மா."

"தெரியும் சாமி" என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு மக பிரசவத்துக்குப் போறேன். ஒரு மாசம் அவரு தனியா இருக்கோணும். கொரோனா வந்து போனதுலருந்து அவருக்கு வாசமே தெரியறதில்ல. நான் வெசனப்படுவேன்னு மறைக்கறாரு. கொழம்பு தீஞ்சாலும் மணக்குதும்பாரு. கேஸ் கசிஞ்சா கத்தற மிஷின் இருக்குதாமே, அதை மாட்டிக் குடுங்க. அவருக்காகன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

பயாஸ் தரையை ஒட்டி மிஷினை மாட்டிச் சோதித்தான். அது வீல் என்று கத்தியது.

"என்ன தம்பி சத்தம்?" என்று முன்னறையிலிருந்து கேட்டார் சின்னுசாமி.

"கேஸ் கசிஞ்சா இப்படிக் கத்துமுங்க. இப்ப எல்லா ஊட்டுக்கும் மாட்டறோமுங்க" என்றான் பயாஸ்.

"நல்லதாப் போச்சு. சென்னி, காபி வாசம் இங்க வரைக்கும் தூக்குது. தம்பிக்கு முதல்ல குடு!"

பயாஸ் அடுப்பைப் பார்த்தான். அது இன்னும் பற்றவைக்கப்படவே இல்லை.

"இதோ ஆயிப்போச்சுங்க" என்றபடி, சென்னியம்மாள் அவசரமாகப் பாலை அடுப்பில் ஏற்றினாள்.